காட்டுமாடு நக்கிய மேற்குச் சுவர்

பூண்டி மலை,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் தமிழ்மதிக்கு, அப்பா குருநாதன் சொல்லச் சொல்ல, மகளிர் குழுச் செயலாளர் விஜயராணி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை, அது என்றைக்குச் சுகமாக இருந்தது. பிரான்சில் நீயும் மாப்பிள்ளை அருள்பிரகாஷும் சுகமா என்று கேட்கிறேன். எழுதித்தான் கேட்கவேண்டியிருக்கிறது, பத்து நாளாக நீ போனை எடுப்பதில்லை. மாப்பிள்ளை எடுக்கிறார், "மாமா, அவள் மீட்டிங்கில் இருக்கிறாள்" என்கிறார். பத்து நாள் நடக்கிற மீட்டிங்கை நான் கேள்விப்பட்டதில்லை, நம் ஊர்த் திருவிழாவே மூன்று நாளில் முடிந்துவிடுகிறது. பாவம், அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை, இருமி இருமிச் சொல்கிறார். இந்தக் கடிதத்தை விஜயராணி படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புவாள், பிறகு தபாலிலும் போடுவாள். போனை எடுக்காவிட்டாலும் வந்த படத்தைத் திறக்காமல் உன்னால் இருக்கமுடியாது. சின்னதில் என் சட்டைப்பையைக்கூட நீ சும்மா விட்டதில்லை.

உன் அம்மா அன்னக்கொடி இந்த வருசத்துப் பூண்டைப் பரணில் கட்டித் தொங்கவிட்டுப் புகை போடுகிறாள். வீட்டுக்குள் பூண்டோடு சேர்ந்து நானும் காய்கிறேன். கொஞ்சம் வெளியே போய் உட்காரலாம் என்றால் கைத்தொழில் கூடத்துக்குத்தான் போகவேண்டும், அங்கே போனால் இருபத்திரண்டு பெண்கள் கம்பளித் தொப்பி பின்னிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்க்கிறார்கள். அந்தக் கூடத்துக்கு நீ போட்டுக்கொடுத்த பிளானின் சிறப்பை அவர்களிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது யாருக்கு, எனக்குத்தானே. மலை எப்படி வளைகிறதோ அப்படியே சுவரும் வளையவேண்டும், சுவருக்கு அந்த இடத்து மண்ணையே பலகைக்கு நடுவே கொட்டி, இடித்து இறுக்கி ஏற்றவேண்டும், கூரையில் புல் முளைக்கவேண்டும், ரோட்டிலிருந்து பார்த்தால் மலை தெரியவேண்டுமே தவிரக் கட்டடம் தெரியக்கூடாது என்றாய். அப்படியேதான் வந்தது. போன மாதம் கொடைக்கானலில் கடை வைத்திருக்கும் சைமன் சார் தொப்பி எடுக்க வந்தவர், புல்லில் நின்றுகொண்டு, "பெரியவரே, லொகேஷன் இங்கதான் காட்டுது, பில்டிங் எங்க?" என்று கேட்டார். "நீங்க நிக்கிறதே அது மேலதான் சார், மெல்ல எறங்குங்க" என்றேன். மனுசன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். இவ்வளவு படித்து, இவ்வளவு தூரம் போய், கண்ணுக்குத் தெரியாத கட்டடம் கட்டிய ஒரே பிள்ளை என் பிள்ளைதான் என்று அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை.

கண்ணுக்குத் தெரியாவிட்டால் என்ன, மூக்குக்குத் தெரிந்துவிட்டது. மேற்குச் சுவரில் வெள்ளை வெள்ளையாகப் பூத்ததும், வெள்ளனே, விடியும் முன்னாலேயே, ஒரு காட்டுமாடு வந்து அதை நக்க ஆரம்பித்ததும் உனக்குத் தெரியும். ஒன்று வந்தது, பிறகு மூன்று வந்தது, இப்போது கன்றோடு குடும்பமாக வருகிறது. அடியில் போட்ட கருங்கல்லுக்கு மேலே முழங்கை நுழைகிற அளவுக்குக் குழி விழுந்துவிட்டது. பெண்கள் பயந்துபோய்விட்டார்கள், அதில் தப்பில்லை. உள்ளே உட்கார்ந்து பின்னும்போது சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாம் பெரிய மாடு பெருமூச்சு விட்டால் யாருக்குக் கை ஓடும். சுவரை இடித்துவிட்டு ஹாலோ பிளாக் வைத்துக் கட்டலாம், நாலு சுவரையும் மாற்றிவிடலாம் என்று பேச்சு வந்தது. வருகிற வெள்ளிக்கிழமை குழுக் கூட்டத்தில் முடிவு. அதற்கு முன்னாலேயே விஜயராணி உனக்குப் போன் போட்டு, ஒன்னோட பிளானும் வேணாம் மண்ணும் வேணாம் என்று சொல்லிவிட்டாள். (இந்த வரியை எழுத மாட்டேன் என்றாள், சொன்னது நீதானே, எழுது என்றேன்.) அதற்கு நீ, நான் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டேன், அவர்கள் இஷ்டப்படி கட்டிக்கொள்ளட்டும், இனிமேல் மண்சுவர்ப் பக்கமே போகமாட்டேன் என்று உன் அம்மாவிடம் அழுதிருக்கிறாய். அதோடு போன் நின்றது.

தாயி, நீ கணக்கைத் தப்பாகப் போடவில்லை. கிழக்குச் சுவரையும் அந்த மாடு முகர்ந்து பார்த்தது, வடக்கையும் தெற்கையும் பார்த்தது, நாக்கை நீட்டாமல் போய்விட்டது. அந்த மூன்றும் நீ சொன்ன குழியில் எடுத்த மண். நாலாவது சுவருக்கு வரும்போது குழியில் பாறை தட்டிவிட்டது. மண் தீர்ந்தால் புது மண்ணைப் பாட்டில் தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு, மணல் எவ்வளவு களி எவ்வளவு என்று தெரியப் படம் அனுப்பணும், நான் சரி என்று சொல்லாமல் ஒரு கூடைகூடப் போடக்கூடாது என்று நீ மூன்று தரம் சொன்னாய், நானும் மூன்று தரம் சரி தாயி என்றேன். வேறு நல்ல மண் கீழே ஓடைப்பக்கம் கெடக்கிறது, அங்கிருந்து பெண்கள் தலையில் சுமந்து ஏறவேண்டும். என் பழைய குதிரைக் கொட்டடியோ நாற்பது எட்டு வைத்தால் வந்துவிடும். பிசைந்தால் பிசுக்கென்று ஒட்டுகிற மண், மண்வெட்டி போட்டதும் வெண்ணெய்போல வந்தது. எடுங்கள் என்றேன். மதிகிட்டக் கேட்டாச்சா என்றார்கள். கேட்டாச்சு, சரின்னுட்டா என்றேன். உன்னிடம் நான் கேட்கவே இல்லை. கேட்டால் பாட்டில், தண்ணீர், படம் என்று ஒரு வாரம் இழுப்பாயே என்று வெரசா சோலியை முடிக்கப் பார்த்தேன்.

என் ஞாபகத்தைப் பற்றி நானே சொல்லிக்கொள்வது உனக்குத் தெரியும். பூண்டு மூட்டை ஏற்றி லாரி நிற்கிற இடத்துக்கு நடையடித்த ஏழு குதிரையும் எந்த எந்த முளையில் நின்றது, எது எந்தக் காலில் நொண்டியது, எல்லாம் இன்றைக்கும் சொல்வேன். இருபத்தெட்டு வருசம் சாயங்காலம் தவறாமல் அதுகளுக்குக் கொள்ளோடு கல்லுப்பு வைத்ததும் நான்தான். அந்த உப்பும் மூத்திரமும் அங்கேதானே இறங்கியிருக்கும், அது மட்டும் இந்த மண்டையில் வரவில்லை. மாடு முதல் தரம் நக்கியபோதே எனக்குச் சுருக்கென்றது, வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாதபோது அந்தக் குழியில் விரலை விட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. பின்னாலேயே விஜயராணி குரல், "ஏ அன்னக்கொடி அக்கா, மாடு பத்தலைன்னு மாமாவும் நக்க ஆரம்பிச்சுட்டாரு!" ஊரே சிரித்தது, நானும் சிரித்துவைத்தேன்.

நீ சரி சொல்லவில்லை என்பது இதை எழுதுகிற விஜயராணிக்கே இப்போதுதான் தெரிகிறது. பேனாவை வைத்துவிட்டு எழுந்து வாசல்வரை போனாள். திரும்பி வந்து, "அப்ப இம்புட்டு நாளும் நாங்க அந்தப் புள்ளையவா வைஞ்சுக்கிட்டிருந்தோம்?" என்றாள். ஆமாம் என்றேன். "வெள்ளிக்கெழம கூட்டத்துல நீங்களே எந்திரிச்சுச் சொல்லணும் மாமா, ஒங்களுக்காக நான் பேசமாட்டேன்" என்றாள். சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்டேன். அவள் திட்டிய மற்றதை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், என் அம்மா பெயர் சம்பந்தப்படுகிறது.

கூரை மரத்தூண்மேல்தான் நிற்கிறது, அதனால் மேற்குச் சுவரை மட்டும் தட்டிவிட்டு ஏற்றலாம் என்று எனக்குப் படுகிறது. எனக்குப் படுவதை இனிமேல் யாரும் கேட்கவேண்டாம், நீ சொல். ஓடைப்பக்கத்து மண்ணைப் பாட்டிலில் கலக்கி உன் அம்மா ஜன்னலில் வைத்திருக்கிறாள், படம் இதோடு வரும். பழைய சுவரும் புதுச்சுவரும் சேருகிற மூலையை எப்படிப் பிடிப்பது என்று நீ வரைந்து அனுப்பு, எழுதாதே, வரைந்தால்தான் எனக்குப் புரியும். போன தடவை ஒரு வாரம் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன், இந்தத் தடவை மேலே எது என்று ஒரு மாடு போட்டுக் காட்டிவிடு.

அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டதாம், காதை மூடிக்கொண்டு வெளியே போ, இங்கிருந்து அனுப்பிய தொப்பியைச் சுவரில் மாட்டி அழகு பார்க்காதே. மாப்பிள்ளையை இனி இருமவிடாதே. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம், உனக்கு முற்பகல்தானாம். காப்பியை வைத்துக்கொண்டு போனில் உட்கார். உன் அப்பனை இருபத்திரண்டு பெண்கள் சேர்ந்து திட்டுவது அடிக்கடி கிடைக்காது. அவர்கள் ஓய்ந்ததும் நீ பேசு. நீ எடுத்த வேலையெல்லாம் விளங்கி நீண்ட நாள் நன்றாக இருக்கவேண்டும். மறந்துவிடாதே, மூன்று மணி.

உன் அப்பா,
குருநாதன்
(இடது பெருவிரல் ரேகை)

மதி, இதற்குக் கீழே நான் எழுதுவது மாமாவுக்குத் தெரியாது. கையெழுத்து வரைக்கும்தான் வாசித்துக் காட்டினேன். அன்றைக்கு நான் பேசியது தப்பு, ஹாலோ பிளாக் பேச்சை வெள்ளிக்கிழமை நானே நிறுத்துகிறேன். ஆனால் கூட்டம்வரைக்கும் காத்திருக்காதே. நீ போனை நிறுத்திய மறுநாளிலிருந்து மாமா தினமும் வெள்ளனே ஒரு தகரத்தைத் தட்டிக்கொண்டு அந்தச் சுவருக்கும் மாட்டுக்கும் நடுவில் போய் நிற்கிறார். அன்னக்கொடி அக்கா கெஞ்சியும் கேட்கவில்லை. நீ சொன்னால் மட்டும்தான் கேட்பார். இன்றைக்கே கூப்பிடு. விஜயராணி.