கடல் சரியாது மக்கா

மக்கா,

இன்று காலையும் ஒருவர் உன்னை நிமிர்த்தப் பார்த்தார். பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தவர், ஸ்டுடியோ சுவரில் உன் படத்தைக் கண்டதும் கையை நீட்டிவிட்டார். "சட்டம் நேராத்தான் இருக்கு ஓய், விடும். ஆளு அப்பிடித்தான்" என்றேன். நீ போன இந்த ஓராண்டில் வடசேரியில் பாதிப்பேர் உன்னை நிமிர்த்த முயன்று தோற்றுவிட்டார்கள். மீதிப்பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

ஒரு மாப்பிள்ளையின் படத்தில் அகலத்தை மட்டும் கூட்டி, அவர் முகத்தைத் திற்பரப்பு அருவிபோல நான் பரப்பியது நினைவிருக்கிறதா? பெண்வீட்டார் படையெடுத்து வருவதற்குள் நீ கம்ப்யூட்டரில் நாலே வரியில் ஒரு ஃபங்ஷன், ஒரு குட்டி நிரல், எழுதினாய். அகலம் கூடினால் உயரமும் அதே விகிதத்தில் கூடும். கோணத்தைச் சொன்னால் படத்தைத் திருப்பி, மூலைகளில் விழும் கறுப்பு முக்கோணங்களை வெட்டியும் தர இன்னொன்று. உலகத்தைப் படைக்க ஆறு நாள் ஆனதாம். உனக்கு ஒரு கட்டன் சாயா போதுமாயிருந்தது.

அந்த மிதப்பில்தான் கடியப்பட்டணத்து அக்கா கொண்டுவந்த படத்தைத் தொட்டேன். இறந்துபோன கணவருடையது என்று அவரிடம் இருந்த ஒரே படம். கடற்கரையில், ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறார். ஆறு டிகிரி திருப்பி, ஆளைக் கொடிமரமாக நிமிர்த்தி, திரையைப் பெருமையோடு காட்டினேன்.

"இது எனக்க ஆளு இல்ல" என்றார் அக்கா.

நான் வியாக்கியானம் சொல்ல வாய் திறந்தேன். நீ தலையைச் சாய்த்துப் பார்த்தாய். "லே, அவருக்குப் பின்னால பாரு. கடலு சரிஞ்சு கெடக்கு. கடலு எங்கயாவது சரியுமாலே?"

மூலப்படத்தை எடுத்துக் கடல் விளிம்பை நேராக்கினாய். மனிதர் தானாகச் சாய்ந்துகொண்டார். "மீன் கடவம் சொமந்து சொமந்து தாந்துபோன தோளாக்கும்" என்று அக்கா திரையிலேயே அந்தத் தோளைத் தொட்டார். சரித்திரத்தில் முதல்முறையாக என் திருத்தத்தை நானே அழித்தேன்.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாள், உன் வீட்டுக்காரி உன் படத்தைக் கொண்டுவந்தாள். கடையில் புதிதாக வந்த மென்பொருள் கேட்காமலே உன்னை நிமிர்த்தியது. ஊரே பொய் சொல்கிறது என்பதுபோல எப்போதும் இடப்பக்கம் சாய்ந்திருக்கும் தலை. நாற்பது ஆண்டாக நான் திட்டியும் நிமிராத தலை.

"அண்ணே, யாரோ மாதிரி இருக்காவ" என்று அழுதுவிட்டாள்.

படத்தில் உனக்குப் பின்னால் பார்த்தேன். நம் கடைக் கதவு குடைசாய்ந்து கிடந்தது.

உன் பழைய ஃபங்ஷனைத் திறந்தேன். கோணங்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தேன். கதவு நேரானது, நீ சாய்ந்தாய். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இவியதான். இப்பம் பாத்தா சண்ட போடலாம் போல இருக்கு."

அவளுக்கு ஒன்று, நம் சுவருக்கு ஒன்று என்று பிரிண்ட் போட்டேன்.

உன் ஃபங்ஷனுக்குள் ஓடும் கணக்கு எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் எந்தப் படம் வந்தாலும், ஆளைத் தொடுமுன் அவருக்குப் பின்னால் கடலைத் தேடுகிறேன். தலையைச் சாய்த்துத்தான் தேடுகிறேன் மக்கா. கழுத்து வலிக்கிறது.