உலகப் பிரஜையும் ரொட்டிக்கடைக்காரியும்

மார்ச் 2, சனி

இன்று 'கடல்கடந்த நண்பர்கள்' இணையக் கூட்டம். ஆறு நாட்டுக்காரர்கள் ஆறு சன்னல்களில். பிறர் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டியதன் அவசியம் பற்றி உருகி உருகிப் பேசினேன். எல்லோரும் கையை ஆட்டினார்கள். பாராட்டு என்று நினைத்து இன்னும் கொஞ்சம் உருகினேன். முடித்த பிறகுதான் தெரிந்தது, என் மைக் அணைந்து கிடந்திருக்கிறது.

அதே நேரத்தில் என் மகள் நீச்சல் வகுப்பு வாசலில் ஈரத் தலையோடு நின்றிருக்கிறாள். அழைத்து வருவது என் பொறுப்பு. சுத்தமாக மறந்துவிட்டேன். ரொட்டிக்கடையைப் பாதியில் போட்டுவிட்டு மனைவி ஓடினாள். திரும்பி வந்து திட்டவில்லை. "நாங்களும் கொஞ்ச நாள் வெளிநாடு போயிடலாம்னு பாக்கறேன். அப்பவாவது எங்க ஞாபகம் வரும்ல" என்றாள்.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஊரையெல்லாம் மேலே ஏற்றிவிடுகிறேன். வீட்டில் என் இடம் தரைத்தளம்தான்.

மார்ச் 5

மூன்று நாளாகப் பேசாமலிருந்த மகள் இன்று பேசிவிட்டாள். "தள்ளுப்பா, டிவி மறைக்குது."

மார்ச் 14

இதை நிதானமாக எழுத வேண்டும்.

போன வருடம் எங்கள் குடியிருப்பு நலச்சங்கம் ஒரு முகாம் நடத்தியது. ரத்தப் புற்றுநோய்க்காரர்களுக்கு, ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல் தருவதற்கு ஆள் பதிவு செய்யும் முகாம். கன்னத்துக்குள் பஞ்சுக்குச்சியால் தடவிக் கொடுத்தால் போதும். உலகத்தில் எவருக்காவது பொருந்தினால் கூப்பிடுவார்கள். சங்கச் செயலாளர் என்ற முறையில் மேடையில் முழங்கியது நான். 'எங்கோ ஒரு மூலையில் ஓர் உயிர் உங்கள் ஒருவருக்காகவே காத்திருக்கிறது!' கைதட்டல் அள்ளியது. ஆனால் வாயைத் திறக்கத்தான் ஒருவரும் முன்வரவில்லை. பன் கூடையோடு வந்திருந்த என் மனைவியைப் பிடித்து உட்காரவைத்து, "சும்மா, போட்டோவுக்கு" என்று வாயைத் திறக்கச் சொன்னேன். அவளைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வந்தார்கள். கடைசியில் நானும் கொடுத்தேன். அன்று முதல், என்றாவது ஒருநாள் கூப்பிடுவார்கள் என்று மனதுக்குள் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தேன்.

இன்று கூப்பிட்டார்கள். பதிவகத்திலிருந்து ஒரு பெண். "பொருத்தம் கிடைச்சிருக்குங்க" என்றதும் எழுந்து நின்றுவிட்டேன். "நான் தயார்" என்றேன்.

"நீங்க இல்லைங்க. உங்க மனைவி. அவங்க நம்பருக்குப் பதிலா உங்க நம்பரைக் குடுத்திருக்கீங்க."

உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 15

கடையில் வைத்துச் சொன்னேன். மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"யாருக்காம்?"

"சொல்ல மாட்டாங்க. வேற நாடு. ஆம்பள, அம்பதத் தாண்டினவரு. அவ்வளவுதான் தெரியும்."

"நான் குடுக்கலேன்னா?"

"வேற பொருத்தம் கிடைக்கலையாம்."

"அப்ப குடுத்துத்தான் ஆகணும். அந்தத் தட்ட எடுங்க."

அவ்வளவுதான். கைதட்டல் இல்லை, மேடை இல்லை. நானாக இருந்தால் ஒரு பொன்னாடையாவது போர்த்தி இருப்பேன், எனக்கு நானே. தட்டை எடுத்துக் கொடுத்தேன். எனக்கு என்ன வந்தது? பொறாமையா? பயமா? பொறாமை என்று எழுதினால் அசிங்கம், பயம் என்று எழுதினால் அதைவிட அசிங்கம். இரண்டும்தான்.

மார்ச் 18

இந்த மூன்று நாளில் நான் கண்டுபிடித்த தடைகள்: கடை என்னாவது, சின்னவனை யார் பார்ப்பது, பெரியவளுக்குப் பரீட்சை வருகிறது, உனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது. கடைசியாகச் சொன்னதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கே தெரியவில்லை.

அவள் கேட்டாள்: "இதே உங்களுக்குப் பொருந்தியிருந்தா கடை என்னாகும்னு யோசிச்சிருப்பீங்களா?"

ஒரு லிஃப்டைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். எந்த லிஃப்டும் கெட்டுப்போகவில்லை. வேலையத்த லிஃப்டுகள்!

மார்ச் 20

இன்று நான் செய்ததை வேறு எவனாவது செய்திருந்தால் சங்கத்தில் கண்டனத் தீர்மானம் போட்டிருப்பேன்.

மாமியாருக்கு ரகசியமாக ஃபோன் போட்டேன். பெற்ற வயிறு, ஊசி என்றாலே பதறும். இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டால் மகள் மனம் மாறுவாள் என்று கணக்கு. விஷயத்தைக் கொஞ்சம் பயங்கரமாகவே சொன்னேன். இரண்டு கையிலும் ஊசி, மணிக்கணக்காகப் படுக்கை, எலும்பெல்லாம் வலி.

கேட்டுவிட்டு அத்தை மூக்கை உறிஞ்சினார். சரி, வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

"மாப்ள, அன்னிக்கு மேடையில நீங்க பேசினத வீடியோவுல எத்தன தடவ பாத்திருப்பேன் தெரியுமா? எங்கயோ ஒரு மூலையில ஒரு உயிரு காத்துட்டிருக்குன்னு சொன்னீங்களே… அது எம் பொண்ணுக்காகத்தானா? அவ மனசு மாறாம பாத்துக்கங்க மாப்ள. உங்கள நம்பித்தான் இருக்கேன்."

"சரிங்க அத்தை" என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல!

மார்ச் 21

அத்தை தன் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பெருமையாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் இவளுக்கா புரியாது?

"அம்மாவுக்கு ஃபோன் பண்ணி மிரட்டிப் பாத்தீங்களாமே."

நான் தரையைப் பார்த்தேன். தரை சுத்தமாக இருந்தது.

"பயமா இருக்குன்னு எங்கிட்டயே சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா நீ சிரிப்ப."

"சிரிப்பேன்தான். சிரிச்சிட்டு, எனக்கும் பயமாத்தான் இருக்குன்னு சொல்லியிருப்பேன்."

'ஒனக்கு எதுனா ஆயிடுச்சுன்னா நான் என்னடி பண்ணுவேன்' — இவ்வளவுதான் சொன்னேன். அதைச் சொல்ல ஒரு வாரம் சுற்றி வளைத்திருக்கிறேன்.

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, "அந்த மனுஷன் வீட்லயும் ஒருத்தி இதையேதான் கேட்டுட்டு உக்காந்திருப்பா" என்றாள்.

பத்து வருடமாக உலகம், மானுடம் என்று பேசிக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவையாவது ஒரு வீடு, ஒரு மனுஷன், அவன் பொண்டாட்டி என்று கண்ணுக்குள் பார்த்திருக்கிறேனா? இல்லை. நான் பார்த்த உலகம் சுவரொட்டியில் இருக்கிற அந்த நீல உருண்டை.

ஏப்ரல் 9

பரிசோதனைகள் எல்லாம் முடிந்தன. உடம்பில் ஒரு குறையும் இல்லையாம். பதிவகத்துப் பெண் இன்று மறுபடியும் அழைத்தார். நாளை முதல் அந்த நோயாளிக்கு மருந்து கொடுத்து அவருடைய பழைய எலும்பு மஜ்ஜையை முழுக்க அழித்துவிடுவார்களாம். அதன்பின் இவள் பின்வாங்கினால் அவர் பிழைக்க மாட்டார். "இப்பக்கூட நீங்க வேண்டாம்னு சொல்லலாம். நாளையிலேருந்து சொல்லக் கூடாது" என்றார்.

ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தோம். இவள் என் முகத்தைப் பார்த்தாள். அனுமதிக்காக இல்லை. நான் விழுந்துவிடாமல் இருக்கிறேனா என்று.

"நாளைக்கே ஆரம்பிக்கச் சொல்லுங்க" என்றேன் நான். மேடையில் பேசியதெல்லாம் ஒரு பக்கம். நான் உருப்படியாகப் பேசிய வாக்கியம் இது ஒன்றுதான்.

ஏப்ரல் 13, சனி

இன்று முதல் ஊசி. செல்களைப் பெருக்குவதற்காம். இன்றே சின்னவனுக்குக் காய்ச்சல், வாந்தி. இவளுக்கு ஒட்டிக்கொண்டால் எல்லாம் போச்சு. கடைக்கு மேலே சாமான் அறையில் கட்டிலைப் போட்டு இவளை அங்கே அனுப்பிவிட்டேன். அவன் "அம்மா வேணும்" என்று அழுதான். எனக்கும்தான் வேணும். யாரிடம் அழ?

இன்றைய இணையக் கூட்டத்தில் என் உரை. தலைப்பு 'குடும்பமும் உலகமும்'. ஒரு மாதம் முன்பே நானே கேட்டு வாங்கிய தலைப்பு. நேரமானபோது நான் குளியலறையில் முழங்காலிட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். கணினி கூப்பிட்டுக்கொண்டே இருந்ததால் மகள் போய் எடுத்திருக்கிறாள்.

"என்னடி சொன்ன?"

"உண்மையத்தான். அப்பா பாத்ரூம் கழுவறாரு, தம்பி வாந்தி எடுத்துட்டான், அம்மா ஒருத்தருக்கு ஸ்டெம் செல் குடுக்கப் போறாங்க, அதனால அப்பா இன்னிக்குப் பேச மாட்டாருன்னு சொன்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"எழுந்து நின்னு கைதட்டினாங்கப்பா. மைக் ஆன்லதான் இருந்துச்சு."

இந்தக் குழுவில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு, நான் பேசாததற்கு.

ஏப்ரல் 15

இடுப்பெல்லாம் வலி என்கிறாள். எலும்புக்குள் யாரோ நடக்கிற மாதிரியாம். வாசலுக்கு வெளியே நின்றபடி சுடுதண்ணீர்ப் பையை நீட்டினேன். ரொட்டிக்கடை மூன்று நாளாக என் பொறுப்பு. உதவிக்கு வரும் அக்கா மட்டும் இல்லையென்றால் ஊரே பட்டினி. ஒரு வாடிக்கையாளர் ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஏன் சார் இப்படி மொறைக்குது?" என்றார். காசு வாங்கவில்லை.

சின்னவனுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. இவளுக்கு ஒட்டவில்லை.

ஏப்ரல் 17

கொடுத்துவிட்டாள்.

ஒரு கையிலிருந்து ரத்தம் போய், இயந்திரத்தில் சுற்றி, மறு கை வழியாக உள்ளே வந்தது. மூக்கு அரித்தால் சொறியக்கூட முடியாது. அது என் வேலை. "இன்னும் கொஞ்சம் எடப்பக்கம்" என்று அதிகாரம் செய்துகொண்டிருந்தாள். ஊசியைப் பார்க்காமல் இருக்க நான் சுவரைப் பார்த்தேன். செவிலி என்னைத்தான் ரெண்டு தடவை வந்து "நீங்க நல்லாருக்கீங்களா?" என்று விசாரித்தார்.

கடைசியில் ஒரு சிறிய பை. தக்காளிச் சாறு நிறம். அதை எடுத்துப்போக ஒரு பெண் குளிர்பெட்டியோடு வந்திருந்தார். விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு போவாராம். "கீழ வைக்கவே மாட்டீங்களா?" என்று இவள் கேட்டாள். "மாட்டேன்மா" என்றார் அவர். பச்சைப்பிள்ளையை அனுப்பிவைப்பது போல இவள் அந்தப் பெட்டியைப் பார்த்தாள்.

ஏப்ரல் 18

தூங்குகிறாள். கடையைத் திறந்துவிட்டு வந்தேன். எழுப்பவில்லை.

செப்டம்பர் 5

பதிவகத்துப் பெண் அழைத்தார். உள்ளே போன செல்கள் வேர்பிடித்துவிட்டனவாம். அவர் வீடு திரும்பிவிட்டார். எந்த ஊர் வீடு என்று இன்னும் சொல்ல மாட்டார்கள்.

இவள் கையெல்லாம் மாவு. ஃபோனை நான்தான் காதில் வைத்துப் பிடித்திருந்தேன். "சரிங்க… சரிங்க… சந்தோஷம்ங்க" என்று கேட்டுக்கொண்டாள். பிறகு மறுபடி பிசைய ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். நெற்றியெல்லாம் மாவானது.

பிள்ளைகளிடம் சொன்னோம். இனிமேல் அவர் உடம்பில் ஓடுவது அம்மாவின் ரத்த வகைதான் என்று மகள் எங்கேயோ படித்துவிட்டு வந்து சொன்னாள்.

சின்னவன் கேட்டான்: "அப்ப அவரு நமக்கு என்ன வேணும்?"

மனிதநேயம், சகோதரத்துவம் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். இவள் கூடப் பிறந்தவர் யாரும் இல்லாதவள். ரொம்ப யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"எனக்கு அண்ணன்டா."

"அப்ப எனக்கு மாமா!"

மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அப்பா, உங்களுக்கு மச்சான் வந்துட்டாரு."

ஆக, கல்யாணமாகிப் பதினாறு வருடம் கழித்து எனக்கு ஒரு மச்சான். பேர் தெரியாது, பாஷை தெரியாது. மச்சான் என்றால் கேலி பண்ணலாம், சண்டை பிடிக்கலாம், விருந்துக்கு வந்து நாள் கணக்கில் தங்கினால் முகம் சுளிக்கலாம். எல்லா உரிமையும் உண்டு.

மெதுவாகச் செய்துகொள்ளலாம். முதலில் மனுஷன் எழுந்து நடக்கட்டும்.