அவிழ்க்காமல் வைத்த டை

ரேஷன் கார்டைத் தேடி பீரோவின் மேல்தட்டைக் குடைந்தேன். பாச்சை உருண்டை வாடையோடு அந்த மெரூன் டை கையில் வந்தது. நீ போட்ட முடிச்சு அப்படியே இருக்கிறது. எனக்கு அறுபது தாண்டிவிட்டது, முழங்கால் நிற்கவிடுவதில்லை. டையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். கடைசி லீவில் நீ என்னிடம் ஒன்று கேட்டாய், நான் ஒரு பதில் சொன்னேன். அதைப் பற்றி உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டே அலுத்துப்போனேன்.

எண்பத்தெட்டு வைகாசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பென்றால் கோட்டும் சூட்டும் வேண்டும் என்று பெண்வீட்டார் தைத்தே கொடுத்துவிட்டார்கள். அந்த வெயிலில் அதை மாட்டிக்கொண்டு திறந்த காரில் ஊர்வலம் போக வேண்டும். கோட்டைப் போட்டாயிற்று. டை கட்டத்தான் மண்டபத்தில் ஒரு ஆளுக்கும் தெரியவில்லை. என் மாமா மாட்டுக்குக் கயிறு போடுகிற மாதிரி இழுத்துப் பார்த்தார். பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்த என் கூட்டாளி நீதான் "தள்ளுங்க மாமா" என்று முன்னால் வந்தாய்.

கட்டிக்கொண்டே கதை சொன்னாய். "இது என்ன தெரியுமாலே? ஏதோ ஒரு சீமையில சண்டைக்குப் போற சிப்பாய்க கழுத்துல பொஞ்சாதிமாரு கட்டிவிட்ட துணி. உசுரோட திரும்பி வரணும்னு கட்டுனது. அதப் பாத்து ராசாமாரு கட்டுனாக, பொறவு ஒன்னைய மாதிரி மாப்பிள்ளைக கட்டுதீக."

"அப்ப நீ எனக்குப் பொஞ்சாதியாலே?" என்றேன். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

அந்த முடிச்சை அதற்குப் பிறகு யாரும் அவிழ்க்கவில்லை. அவிழ்த்தால் மறுபடி போட ஆள் கிடையாது. தளர்த்தித் தலைவழியாகக் கழற்றி ஆணியில் மாட்டினோம். வத்திராயிருப்பு, கூமாப்பட்டி என்று சொந்தத்தில் எங்கே கல்யாணம் என்றாலும் டை இரவல் போய்விடும். "முடிச்சுல மட்டும் கைய வச்சிராதீகப்பா" என்று சொல்லித்தான் என் அம்மா கொடுத்தனுப்புவாள். அப்படி எத்தனையோ மாப்பிள்ளைகள் உன் முடிச்சோடு காரில் போனார்கள்.

உனக்கு இந்தக் கதைகள் எல்லாம் நீ ஓட்டிய ஜீப்பில் ஏறிய ஒரு மேஜர் சொன்னவை. மலைப்பாதையில் நீ தூங்கிவிடாமல் இருக்க அவர் பேசிக்கொண்டே வருவாராம். உண்மையோ பொய்யோ, லீவில் வந்தால் எங்கள் சட்டை, பேண்ட் ஒன்றையும் விட மாட்டாய். என் பெல்பாட்டத்தைப் பார்த்து, கப்பலில் தளம் கழுவுகிறவன் முழங்கால்வரை சுருட்டிக்கொள்ள அகலமாகத் தைத்தது என்பாய். சட்டைத் தோளில் இருக்கும் பட்டையைத் தட்டி, "இது சிப்பாய் தோள்ல பை நழுவாம இருக்க வச்சதுலே. நீ இதுல எதத் தூக்குத?" என்பாய். நான் ஸ்டைல் என்று நினைத்ததை எல்லாம் நீ இப்படிக் கலைத்துவிடுவதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வரும்.

தொண்ணூற்று மூன்றில் வந்தாயே, அதுதான் கடைசி. ராஜபாளையத்தில் நான் சூப்பர்வைசராக இருந்த மில்லின் எதிரே டீக்கடையில் காத்திருந்தாய். ஷிப்ட் முடிந்து தலையெல்லாம் பஞ்சுத்தூசியோடு வந்தேன். புதுக் கைக்கடிகாரத்தைக் காட்டினேன். நீ அதை வெகுநேரம் பார்த்தாய்.

"முந்தியெல்லாம் ஆம்பளைக கடிகாரத்தப் பைக்குள்ளதான் வச்சிருந்தாக. கையில கட்டுறது பொம்பளைக நகை. சண்டையில துப்பாக்கியப் பிடிச்சவன் பைக்குள்ள கைய விட முடியலன்னு கையில கட்டுனான். எல்லாமே எவனோ ஒருத்தன் பட்ட பாடுதாம்லே."

நான் வழக்கம்போலச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது.

"எனக்கு முன்னால போன வண்டி உருண்டுட்டு. அதுல இருந்து ஸ்டீயரிங்கப் பிடிச்சாலே கை நடுங்குது. வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துரலாம்னு பாக்கேன். ஒன் மில்லுல வாட்ச்மேன் வேலையாவது வாங்கித் தாயேன்."

வாங்கித் தந்திருக்கலாம். என்னால் முடிகிற காரியந்தான். மானேஜரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் நான் என்ன சொன்னேன்? "இன்னும் ரெண்டு வருசந்தான், பதினஞ்சு முடிஞ்சா பென்சன் வந்துரும். பாதியில வந்தா பயந்து ஓடியாந்துட்டான்னு ஒங்க ஊரு தேவதானத்துல பேசுவாக. போய் முடிச்சிட்டு வாலே."

சரி என்றாய். நாலாம் நாள் ஸ்டேஷனில் ரயில் நகர்ந்தபோது ஜன்னலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாய். நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி கையை ஆட்டினேன். உனக்கு வெட்கமாக இருக்கக்கூடாதே என்றுதான் அப்படிச் செய்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அதுவும் பொய். எனக்குத்தான் பயம். இறங்கி வந்து மறுபடி கேட்டுவிடுவாயோ என்று பயம்.

அந்த மார்கழியில் நீ ஓட்டிய வண்டி பள்ளத்தில் சரிந்து நீ போய்விட்டாய் என்று தந்தி வந்தது. தேவதானத்துக்கு ஓடினேன். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏய்யா, கடைசியா வந்தப்ப எம்புள்ள ஒங்கிட்ட என்னமும் சொன்னானா? போகும்போது எப்படிய்யா போனான்?"

"ஒண்ணும் சொல்லலம்மா, சிரிச்சிக்கிட்டேதான் போனான்" என்றேன்.

துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அவள் அதையே சொன்னாள். "எம்புள்ள சிரிச்சிக்கிட்டேதான் போனானாம், இவந்தான் பாத்தான்" என்று என்னைச் சாட்சிக்குக் காட்டினாள். பத்துப் பதினைந்து வருஷம், கண் மூடுகிறவரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் நான் தலையை ஆட்டினேன்.

உன்னோடு சேர்த்து நீ வேலை கேட்ட செய்தியையும் நான்தான் புதைத்தேன். என் பெண்டாட்டிக்குக்கூட இது தெரியாது. நீ பயந்துபோய் என்னிடம்தான் வந்தாய். நான் உன்னைத் திருப்பி அனுப்பினேன்.