தன் வாசலைத் தானே அடைத்த மகான்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? மகளுக்கு எட்டாம் மாதம், மாடிப்படி ஏறவிடாதே.

கணினிக் கூடத்தில் வயர் சொருகும் உன் புருஷனின் லீவு நேற்று போகப் பார்த்தது. பயப்படாதே, சிரிப்புக் கதைதான். தொலைவில் உட்கார்ந்திருக்கும் பெரிய இன்ஜினியர், ஒரு சர்வரில் டேட்டா பறக்க வேண்டுமென்று நெட்வொர்க் கார்டை அதிவேக டிரைவர் மென்பொருளுக்கு மாற்றினார். அப்படி மாற்றிய கார்டு வழியாக ஆள் யாரும் உள்ளே நுழைய முடியாது. அதற்காகத்தான் கார்டு இரண்டு: ஒன்று டேட்டா பறக்க, ஒன்று ஆள் நுழைய. மகானோ தான் நுழைந்திருந்த கார்டையே மாற்றிவிட்டு, போனில் என்மேல் பாய்ந்தார்.

"யோவ், கேபிளைப் புடுங்கிட்டியா? உன் லீவு கேன்சல்!"

கீபோர்டைத் தூக்கிக்கொண்டு ஓடி, சர்வரிலேயே மாட்டிப் பார்த்தேன்.

"கேபிள் அப்படியேதான் இருக்கு சார். ரெண்டாவது கார்டுக்குப் பதிலா, நீங்க உள்ள வந்த கார்டை மாத்திட்டீங்க."

சட்டென்று குழைந்தார், "அண்ணே, நான் சொல்லச் சொல்லத் தட்டிப் பழையபடி மாத்திடுங்க. வெளியே சொல்லிடாதீங்க."

யோவ் அண்ணனாக ஒரே நிமிடம்! அத்தனை பட்டத்தையும் ஊறுகாய் போடத்தான் வைத்திருக்கிறார் போல.

லீவுக்குக் கையெழுத்து வாங்கிவிட்டேன். சிரித்துக்கொண்டே அறைக்கு வந்தால், சாவி உள்ளே, நான் வெளியே! நானும் மகான்தான். வீட்டு உரிமையாளர் வரும்வரை படியில் உட்கார்ந்திருந்தேன். அந்த இன்ஜினியருக்காவது உள்ளே நான் இருந்தேன்.

என் கண்ணாடி நம்பர் சீட்டை அனுப்பு. மகளின் பேச்சைக் கொஞ்சம் நீளமாகவே பதிந்து அனுப்பு. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. வரும்போது சாவி கொண்டுவர மாட்டேன், நீயே வந்து கதவைத் திற.

உன் வீட்டுக்காரன்