நாலாவது தொட்டி

படப்பை,
14-3-93

திரு. வேதாசலம் அவர்களுக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. ஹாலில் என் டிரசீனாச் செடித் தொட்டிகள் மூன்று நிற்கின்றன, அவற்றுக்காக எழுதுகிறேன். மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். போர் தண்ணீர் வேண்டாம். உப்பு, இலை நுனி கருகிவிடும். ஜன்னல் திரைக்குப் பின்னால் வெளிச்சம் படட்டும், வெயில் படக்கூடாது. அவை குரோட்டன்ஸ் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து சொல்கிறேன், உங்கள் காதில் ஏறவே இல்லை.

நாலாவது தொட்டி எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும். உங்கள் ஆபீசர் தோத்தாத்ரி வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் அது ரிப்பன் கட்டிக்கொண்டு நின்றது. அவர் வீட்டு அம்மாள் என்னிடமே வந்து, "உங்க வீட்டுக்காரர் நர்சரி நர்சரியா தேடி வாங்கினாராமே, எவ்ளோ அழகா இருக்கு!" என்கிறாள். கையில் தாம்பூலப் பையோடு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நீங்களும் சிரித்தீர்கள்.

அவரிடம் போய், "இது என் மனைவி வளர்த்த செடி, அவளைக் கேட்காமல் எடுத்து வந்துவிட்டேன்" என்று சொல்லித் திருப்பி வாங்கி வாருங்கள். அன்றைக்கு நானும் வீட்டுக்கு வருகிறேன்.

வே. கனகவல்லி


குரோம்பேட்டை,
22-3-93

சௌபாக்கியவதி கனகவல்லிக்கு ஆசீர்வாதம்.

புருஷன் சாப்பிட்டானா என்று ஒரு வரி இல்லை. செடிக்கு மட்டும் பக்கம் பக்கமாக உபதேசம். இங்கே குடிதண்ணீர் லாரிக்காகக் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு, கால்கடுக்க நின்று, ஆபீசுக்கு லேட்டாகப் போய்த் திட்டு வாங்குகிறேன். அந்தத் தண்ணீரில் உன் குரோட்டன்ஸுக்கும் பங்கா? போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். இஷ்டமிருந்தால் குடிக்கட்டும்.

பிரமோஷனுக்கு என் பேர் மேலே போயிருக்கிறது, உனக்கே தெரியும். தோத்தாத்ரி சார் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. இந்த நேரம் பார்த்து, "கொடுத்த செடியைத் திருப்பிக் கொடுங்க சார்" என்று நான் அவர் வாசலில் போய் நிற்க வேண்டுமாம். நன்றாக இருக்கிறது! செடிக்காகக் கட்டினவனை விட்டுப் போனவள் இந்த ஜில்லாவிலேயே நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய்.

உன் அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன். அந்தப் பேச்சு பழசாவதற்குள் வந்து சேர்.

வேதாசலம்


படப்பை,
2-4-93

வேதாசலம் அவர்களுக்கு,

ஆசீர்வாதம் வேண்டாம், சௌபாக்கியவதியும் வேண்டாம். என் அக்கா குத்துக்கல்லாட்டம் இருக்கிறாள். உங்கள் வாயால் அவளைப் படுக்கையில் தள்ளாதீர்கள்.

செடிக்காகவா வந்தேன்? ஆபீசர் மகள் தையல் கற்றுக்கொள்ள என் மிஷினைத் தூக்கிக் கொடுத்தீர்கள். அவர்கள் வீட்டு நவராத்திரிக்கு என் டேப் ரிக்கார்டர் போனது, திரும்பவில்லை. அப்போதெல்லாம், "கனகுவோடது சார்" என்றாவது சொன்னீர்கள். இந்தத் தடவை அதையும் சொல்லவில்லை. தாம்பரம் நர்சரியில் முறிந்து கிடந்த துண்டுத் தண்டு அது. எடுத்து வந்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் வேர் விட வைத்தேன். வெள்ளிக்கிழமைதோறும் ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைத்து என் இடுப்பு உயரத்துக்கு வளர்த்தேன். ஹாலில் நிற்கும் மூன்றும் அதன் நுனியை வெட்டி வைத்ததில் வந்தவைதான். நீங்கள் பேப்பர் படித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர்தான். கேட்டால், நர்சரியில் வாங்கினேன் என்கிறீர்கள்! உங்கள் நாக்கு கூசவில்லையா?

செடியை எங்கே வைக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொன்னீர்களா? என்ன சொல்லியிருப்பீர்கள் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

வே. கனகவல்லி


குரோம்பேட்டை,
9-5-93

கனகவல்லிக்கு,

உன் மூன்று தொட்டியிலும் இலை நுனி பழுப்பாகிவிட்டது. சந்தோஷமா? நீ சொன்னது பலித்துவிட்டது என்று அக்காவும் தங்கையுமாகப் பாயசம் வைத்துக் குடியுங்கள்.

ஃபைல் கொடுக்க சார் வீட்டுக்குப் போயிருந்தேன். உன் அருமைச் செடியை மொட்டை மாடியில் வைத்திருக்கிறார்கள். நான்தான் சொன்னேன், "குரோட்டன்ஸுக்கு வெயில் பட்டாத்தான் சார் கலர் தூக்கும்" என்று. ராஜா மாதிரி நிற்கிறது. உன் இருட்டு ஹாலில் கிடந்ததை விட அங்கே சௌக்கியம்.

இன்னொரு தடவை செடி என்று எழுதினால் மூன்றையும் தூக்கித் தெருவில் வைத்துவிடுவேன். மாடு தின்றுவிட்டுப் போகட்டும்.

வேதாசலம்


படப்பை,
12-5-93

கார்டில் எழுதுகிறேன். தபால்காரர் படித்தாலும் பரவாயில்லை.

கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் வைக்கச் சொன்னீர்களா? இலையில் மஞ்சள் வரி ஓடும் இடம்தான் முதலில் வெளுத்துக் காகிதமாகும். பிறகு இலை முழுவதும் போகும். நீங்கள் வாங்கிய செடி என்று நம்பித்தானே உங்களிடம் யோசனை கேட்டார்கள்? என் செடி என்று தெரிந்திருந்தால் என்னைக் கேட்டிருப்பார்கள். அது பிழைத்திருக்கும்.

திருப்பிக் கேட்க வேண்டாம். அந்த நிபந்தனையை விட்டுவிட்டேன். மாடியிலிருந்து இறக்கி நிழலில் வைக்கச் சொன்னால் போதும். "உனக்கு எப்படிய்யா தெரியும்?" என்று அவர் கேட்டால், "என் மனைவிக்குத் தெரியும், அவள் வளர்த்தது" என்று சொல்லுங்கள். அது மட்டும்தான் கேட்கிறேன். இன்றைக்கே போங்கள்.

கனகவல்லி


குரோம்பேட்டை,
3-8-93

அன்புள்ள கனகுவுக்கு,

இத்தனை நாள் எழுதவில்லை என்று கோபமாக இருப்பாய். நல்ல சேதியோடு எழுதலாம் என்றிருந்தேன். போன வாரம் ஆர்டர் கைக்கு வந்துவிட்டது. இனி நான் சூப்பரின்டென்டென்ட்.

நேற்று சார் வீட்டுக்கு ஸ்வீட்டோடு போனேன். நீ கேட்ட வார்த்தையை அப்படியே சொல்லிவிட்டேன். நர்சரியில் வாங்கியது இல்லை, என் மனைவி வளர்த்தது, அவளைக் கேட்காமல் எடுத்து வந்துவிட்டேன் என்று அவர் சம்சாரம் முன்னாலேயே சொன்னேன். சார் விழுந்து விழுந்து சிரித்தார். "இதுக்கா வேதாசலம் இவ்ளோ தயங்கினே? மாடியில வெறும் குச்சியா நிக்குது, தாராளமா எடுத்துக்கோ" என்றார். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இலை ஒன்றுகூட இல்லை, தண்டுதான் இருக்கிறது. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுது. மற்ற மூன்றுக்கும் இப்போது குடிதண்ணீர்தான் ஊற்றுகிறேன்.

ஒரு ஆம்பிளை இதற்கு மேல் இறங்கி வர முடியாது. பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பு.

வேதாசலம்


படப்பை,
11-8-93

வேதாசலம் அவர்களுக்கு,

பிரமோஷன் கிடைத்ததில் சந்தோஷம். அதற்காக எவ்வளவு பாடுபட்டீர்கள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

ஆர்டர் எப்போது வந்தது, சார் வீட்டுக்கு எப்போது போனீர்கள் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். என் கார்டு கத்திரி வெயிலில் வந்தது. நிழலில் வைக்கச் சொல்லுங்கள் என்று கெஞ்சித்தான் எழுதியிருந்தேன். அன்றைக்கு என் பெயரைச் சொன்னால் உங்களுக்கு நஷ்டம் வருமோ என்று பயம். இனி ஒரு நஷ்டமும் இல்லை என்றானதும் ஸ்வீட் பாக்கெட்டோடு போய்ச் சொல்லியிருக்கிறீர்கள். அவர் சிரித்ததை வேறு எனக்கு எழுதுகிறீர்கள். செடி கருகிய கோபம் எனக்கு ஆறிவிட்டது. இது ஆறாது.

நான் வரவில்லை. இங்கே நர்சரிப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்காரர் தசரதன் மாமா டெம்போவோடு வருவார். மூன்று தொட்டிகளையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள். அவரோடு சண்டை வேண்டாம், அவர் ஏற்றிக்கொண்டு போக வருகிறவர்தான்.

நாலாவதை அனுப்ப வேண்டாம். தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. காய்ந்த நுனியை வெட்டிவிட்டு ஜன்னல் திரைக்குப் பின்னால் வையுங்கள். இலை இல்லாத செடிக்குத் தண்ணீர் அதிகம் வேண்டாம், அழுகிவிடும். விரலை விட்டுப் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். தினம் போய்ப் பார்க்க வேண்டும்.

துளிர்த்தால், வருகிறவர்கள் யார் வளர்த்தது என்று கேட்பார்கள். உங்கள் பெயரையே சொல்லிக்கொள்ளுங்கள். இந்தத் தடவை அது பொய்யாக இருக்காது.

பொ. கனகவல்லி