அப்பா தூங்காத பரீட்சை

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், அப்பாவின் குறட்டையும் நலம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், போனில் உன் குரல் அப்படிச் சொல்லவில்லை என்றாலும்.

நீ முணுமுணு என்று பெயர் வைத்தாயே, அந்த மாணவியைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். என்னிடம் புற்றுநோய் மரபணு ஆராய்ச்சிக்குச் சேர்ந்து ஐந்து வருடம் ஆகிறது. ஆய்வுக்கூடத்தில் அவள் கையில் தப்பே நடக்காது, ஆனால் நாலு பேர் முன்னால் நிறுத்தினால் குரல் தொண்டைக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். வேலை கேட்டுப் போன இரண்டு இடத்திலும் அதனாலேயே வேண்டாம் என்றுவிட்டார்கள். போன மாதம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள், இதுவும் போனால் ஆராய்ச்சியே வேண்டாம், அக்காவின் ஜவுளிக்கடையில் உட்கார்ந்துவிடுகிறேன் என்றாள். நம் வீட்டுப் பரீட்சைக்கு வரச் சொன்னேன். உனக்குத்தான் தெரியுமே, என்னிடம் படிக்கிறவர்கள் வெளியே வேலைக்குப் போகும் முன் நம் கூடத்தில் நின்று, மரபணு என்றால் என்னவென்றே தெரியாத நம் ஆட்களுக்கு விளக்க வேண்டும், அப்பா தூங்கிவிட்டால் ஃபெயில்.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். சாய்வு நாற்காலியில் அப்பா, பக்கத்தில் அத்தை. மார்பில் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்ததிலிருந்து மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று அத்தையிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. ஊருக்கெல்லாம் நான் பேராசிரியை, அவருக்கு மட்டும் தம்பி பெண்டாட்டி. உன் படிப்ப உன் காலேஜோட வச்சுக்க என்பார். முணுமுணு சுவரில் படம் காட்டி ஆரம்பித்தாள், மூன்றாவது படத்திலேயே அப்பாவின் தலை சாய்ந்தது. சரி, ஜவுளிக்கடைதான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அப்போது அத்தை திடீரென்று, ஏம்மா, எனக்கு வந்தது என் பொண்ணுக்கும் வருமா என்று கேட்டார். என்னிடம் ஒரு தடவைகூடக் கேட்காத கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா விழித்து, அவளே சொல்லட்டும் என்பதுபோல் என் கையை அழுத்திவிட்டார். முணுமுணு படத்தை அணைத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அத்தைக்கு எதிரில் உட்கார்ந்தாள். இப்போ எனக்குத் தெரியாதும்மா, உங்க ரத்தத்தப் பாத்தாத்தான் சொல்ல முடியும், உங்க மரபணுவுல இந்த நோயக் கொண்டுவர்ற மாற்றம் இருந்தா பொண்ணுக்கு இருக்கவும் வாய்ப்பு பாதி, இல்லாம இருக்கவும் பாதி, இருந்தாலும் நோய் வந்தே தீரும்னு இல்ல, முன்னாடியே கவனிச்சுக்கலாம் என்றாள். கொஞ்சம்கூட முணுமுணுக்கவில்லை. அத்தை கேட்டுக்கொண்டே போனார், இவள் தெரிந்ததைச் சொல்லி, தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக்கொண்டே போனாள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. அப்பா அதற்குப் பிறகு கடைசிவரை கண்ணை மூடவில்லை.

நேர்முகத் தேர்வில் உட்கார்ந்து பேசலாமா என்று கேட்டாளாம். வேலை கிடைத்துவிட்டது, ஆராய்ச்சியோடு குடும்பங்களைப் பார்த்து விளக்குவதும் அவள் பொறுப்பு. அவள் அக்கா எனக்கு ஒரு சால்வை அனுப்பியிருக்கிறாள், நிறம் சகிக்கவில்லை, தினமும் போர்த்திக்கொள்கிறேன். அத்தையும் முணுமுணு கூட வந்தால்தான் ஆச்சு என்று அடம்பிடித்துப் போன வாரம் ரத்தம் கொடுத்துவிட்டார். முடிவு வரச் சில வாரம் ஆகும். அவரிடம் அந்த மாற்றம் இருந்தால் அடுத்து அவர் பெண்ணும், தம்பி என்பதால் அப்பாவும் பரிசோதனை செய்துகொள்வார்கள், அப்பாவிடமும் இருந்தால் அடுத்து நீ. இதை மறைத்து எழுத எனக்கு மனசு வரவில்லை. கண்டதையும் இணையத்தில் தேடிப் படித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, எனக்கும் பயம்தான், ஆனால் தெரிந்துகொண்டால் செய்ய வேண்டியதைச் செய்யலாம்.

நீ நோய் நொடியில்லாமல் நூறு வயது சிரித்துக்கொண்டு வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, முடிவு எதுவானாலும் நானே போன் செய்து சொல்வேன், அன்றைக்கு நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வேன், நீயும் எதிரில் ஒன்றைப் போட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா
பக்கத்தில் அப்பா, மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு, இதை முடிக்கும்வரை விழித்திருக்கிறார்.