பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கேள்வி

புதன்கிழமை காலை பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியது, டயாலிசிஸ் நிலையங்களின் நேரப் பதிவுகளை வைத்திருக்கும் மென்பொருள் நிறுவனத்தின் இணைப்புப் பிரிவு. கடந்த ஆறு வாரங்களில் அவர்களிடமிருந்து கிளம்பிய நேரமாற்ற அறிவிப்புகளில் ஒன்றுகூட நோயாளிகளை ஏற்றிப்போகும் நம் வேன் சேவைக்கு வந்து சேரவில்லை என்று அதில் இருந்தது. பத்தரைக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். உண்மைதான் என்றார்கள். இன்னொரு முறை கேட்டேன். அதே பதில்.

உன்னைக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று போனை எடுத்த பிறகுதான் நீ இல்லை என்பது ஞாபகம் வந்தது. எட்டு மாதமாகிறது. இன்னும் இப்படி நடக்கிறது.

அறிவிப்பு வரவில்லை, சரி. ஆனால் அந்த ஆறு வாரமும் நம் வேன் ஒருவரைக்கூடத் தவறவிடவில்லையே. உட்லண்ட்ஸ் சரோஜா அக்காவுக்குப் போன செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு டயாலிசிஸ். இயந்திரப் பழுதென்று அன்று காலைதான் பதினொன்றுக்கு மாற்றினார்கள். பத்தேகாலுக்கு வேன் அவருடைய அடுக்குமாடி புளோக்கின் கீழே நின்றது. அவர் மகனுக்குத் துவாஸ் கப்பல் பட்டறையில் வேலை. போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். வேன் வராவிட்டால் அக்காவைக் கூட்டிப்போக ஆளில்லை. ஒரு தடவை விட்டாலும் மூச்சுக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லி வைத்திருக்கிறார்.

அப்படியானால் பதினொன்று என்று வேனுக்குச் சொன்னது யார்? நிலையம் சொல்லவில்லை. நான் சொல்லவில்லை. கேள்வியை நோட்டில் எழுதி வைத்தேன்.

தேக்காவில் நாம் வழக்கமாக உட்காரும் காப்பிக்கடையில்தான் இந்தச் சேவை பிறந்தது. நீ சீனியில்லாத தேநீர் சொல்லிவிட்டு, என் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக்கொண்டாய். பொட்டலம் சுற்றி வந்த பழுப்புத் தாளில் இரண்டு கட்டம் போட்டாய். ஒன்று நிலையங்களின் கணினி, மற்றது நம்முடையது. இரண்டும் பேசிக்கொள்வதற்கான வாசல்தான் ஏபிஐ என்றாய். அந்த வாசலை எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் நமக்குள் சண்டை. நாம் போய்ப்போய்க் கேட்டுக்கொண்டிருக்கலாம். அல்லது நம் முகவரியைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாம், ஏதாவது மாறினால் அவர்களே தட்டுவார்கள். ஒரே கேள்வியில் வேண்டியதை மட்டும் அள்ளிக்கொள்ளும் மூன்றாவது வழியும் உண்டு, ஆனால் ஒரு வேனுக்கு அது ஆடம்பரம் என்று அதை அடித்துவிட்டாய்.

"மாறினா அவங்களே சொல்லுவாங்க லா. சும்மா சும்மா போய்க் கேட்டா அவங்க சர்வர்தான் கடுப்பாகும்" என்றாய்.

நான் கேட்கும் கட்சி. வேறு எப்படி இருப்பேன்? பத்திரிகை வேலைக்குச் சேர்ந்த காலத்தில் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு பட்டியல் இருந்தது: போலீஸ், தீயணைப்பு, மருத்துவமனை, துறைமுகம். மணிக்கொரு தடவை வரிசையாக அழைத்து, ஏதாவது செய்தி உண்டா என்று ஒரே ஒரு வார்த்தை கேட்க வேண்டும். "எனிதிங்?" மறுமுனையில் பெரும்பாலும் "நத்திங் லா". நாளுக்கு நாற்பது தடவை ஒன்றுமில்லை என்று கேட்பதற்குத்தான் சம்பளம் என்று நீ கிண்டல் செய்வாய். என் எண்ணைப் பார்த்தால் நான் வாயைத் திறக்கும் முன்பே "நத்திங் லா" என்று எடுப்பாய். பள்ளியில் பக்கத்து மேசையில் உட்கார்ந்தவனுக்கு அந்த உரிமை இருந்தது.

அறிவிப்பு வழியைத்தான் நீ கட்டினாய். நன்றாக ஓடியது. ஒன்றரை ஆண்டுக்குப் பிறகும் நான் விடவில்லை. கூடவே கேட்கவும் ஏற்பாடு செய் என்று அதே மேசையில் மறுபடி ஆரம்பித்தேன். அன்று நீ களைத்திருந்தாய். உன் அலுவலகம் பூன் லேக்கு மாறிய சமயம்.

"ஒன் காலம் முடிஞ்சிருச்சு மச்சான். இப்ப செய்தி தானா வருது. இன்னும் போன் பண்ணிக்கிட்டு இருக்கிறவன் நீ ஒருத்தன்தான்."

நான் எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு மூன்று வாரம் உன்னை அழைக்கவில்லை. முன்பின் தெரியாத போலீஸ்காரரை மணிக்கொரு தடவை அழைத்தவன், உன்னை மூன்று வாரம் அழைக்கவில்லை.

மூன்றாவது வாரக் கடைசியில் நீ பூன் லே ரயில் நிலையத்தில் விழுந்து இறந்த செய்தி எனக்கும் அனுப்பப்பட்டிருந்தது. உன் மூத்த மகள் அனுப்பியிருந்தாள். நான் ஒரு செய்தியாளர் கூட்டத்தில், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். நிமிர்த்திப் பார்த்தபோது நாலரை. சுவா சூ காங் மையவாடிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, உன்னை அடக்கம் செய்துவிட்டு எல்லோரும் கார்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஈர மண்ணைத்தான் பார்த்தேன்.

அடுத்ததையும் வரிசைப்படி எழுதிவிடுகிறேன்.

ஆறு வாரத்துக்கு முன் தொண்டூழியர் கூட்டம் நடந்தது. சேவைக்கு உன் பெயரை வைக்க வேண்டும் என்று முன்மொழிந்தது நான். எல்லோரும் கை தூக்கினார்கள். வேனில் உன் பெயரை எழுதினோம். இணைய முகவரியிலும் உன் பெயரையே வைத்து, பழைய முகவரியை மூடினோம். அந்தப் பழைய முகவரிதான் அவர்கள் தட்டும் கதவு என்பதை யாரும் நினைக்கவில்லை. மாறிவிட்டது என்று அவர்களுக்குச் சொல்லவும் இல்லை. உனக்கு மரியாதை செய்வதாக எண்ணி, நீ கட்டிய வழியை நானே அடைத்தேன்.

அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அறிவிப்புகள் திரும்பி வருகின்றன, கவனியுங்கள் என்று, எனக்கு எழுதும் முன்பே நான்கு மின்னஞ்சல்கள். நான்கும் பதிவிலிருந்த பொறுப்பாளருக்கு. உனக்கு.

உனக்குப் பின் இதைப் பார்த்துக்கொள்பவர் ரேவதி. திருச்சியிலிருந்து மென்பொருள் வேலைக்கு வந்தவர். புதன் மதியம் உன் நிரல்களைத் திறந்து பார்த்துவிட்டு என்னை அழைத்தார்.

"அண்ணே, உக்காந்திருக்கீங்களா?"

"சொல்லும்மா."

"நிலையத்துக்கிட்ட கேட்டு வேனுக்கு நேரம் சொல்றது அவருதாண்ணே. இன்னும் அவருதான் கேட்டுக்கிட்டு இருக்காரு."

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். யாருக்கும் சொல்லாமல் நீ இன்னொரு சிறு நிரலை ஓடவிட்டிருக்கிறாய். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அது நிலையங்களின் கணினியிடம் போய், ஏதாவது மாறியிருக்கிறதா என்று கேட்கிறது. நாமே போய்க் கேட்பதால் நம் முகவரி மாறினாலும் அதற்குக் கவலையில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பதினைந்துக்குக் கேட்டபோது சரோஜா அக்காவின் நேரம் மாறியிருந்தது. வேனுக்குச் சொல்லிவிட்டது.

அந்த நிரலுக்கு நீ வைத்திருந்த பெயரை ரேவதி வாசித்தார். 'எனிதிங்'. அதை எழுதிய தேதியையும் வாசித்தார். நான் உன் முன்னாலிருந்து எழுந்து வந்ததற்கு மறுநாள்.

தேதியை இன்னொரு முறை வாசிக்கச் சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஏன் சொல்லவில்லை? அழைத்தால் சொல்லலாம் என்று இருந்தாயா? நான்தான் அழைக்கவில்லையே. இதற்கு உறுதியான பதில் எனக்குக் கிடைக்கப்போவதில்லை. ஊகத்தை எழுதிப் பழக்கமில்லை.

நேற்று சரோஜா அக்காவைப் பார்க்கப் போனேன். நடந்ததைச் சொல்லி, தவறு என்னுடையது என்றேன். அவர் வேன் வந்ததா இல்லையா என்று மட்டும் பார்த்தவர். "வேனுதான் வந்துச்சே தம்பி" என்று மைலோ கலக்க எழுந்தார். இப்போதெல்லாம் காலையில் நான்கு பேரை அழைக்கிறேன். உன் மகள்கள் இருவர், ரேவதி, அக்கா. பெரும்பாலும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்கிறார்கள். அதைக் கேட்டால்தான் எனக்கு நாள் தொடங்குகிறது.

இன்னும் முடியாதது ஒன்று. அந்த நிரல் நிலையங்களின் கணினிக்குள் நுழையும் சாவி உன் பெயரில் இருக்கிறது. இம்மாதக் கடைசியில் அது காலாவதியாகும். நம் பெயரில் புதிய சாவிக்கு விண்ணப்பித்திருக்கிறேன். படிவத்தில், அறிவிப்பைப் பெறுவதா, கேட்டுப் பெறுவதா, இணைப்பு முறை ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும் என்றிருந்தது. நான் இரண்டையும் குறித்தேன். ஏற்பார்களா என்று இன்று காலையும் அழைத்துக் கேட்டேன். வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்வதாக அந்தப் பெண் சொன்னார்.

இதை எழுதும்போது காலை மணி பத்து நாற்பத்தைந்து. உன் பெயரில் ஒரு கேள்வி இப்போது போயிருக்கும்.